மணிக்கூட்டைப் பார்த்துக் கடையைத் தேடுங்கள்

மட்டக்களப்பு நகரை அடுத்த ஓர் ஊரிலிருந்து 41 வயது ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்கிறார். கணவரின் தம்பி குடும்பத்தோடு லண்டனிலிருந்து ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்து நிற்கிறார். வான் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, காலையில் வெளிக்கிட்டு இரவு திரும்பும் பயணமாக ஒவ்வோர் இடமாகப் பார்த்து வருகிறார்கள். கூடவே மாமியும் போகிறார். அவருக்கு 71 வயது, பல வருடமாகச் சீனி வருத்தம். காலையும் இரவும் 30/70 கலவை இன்சுலின் போடுகிறார். வாசகியின் கடைக்குட்டி மகளுக்கு நான்கு வயது.

முதல் பயணம் அறுகம்பே. மாமி ஆறரைக்கு ஊசி போட்டு, ஏழு மணிக்கு இரண்டு இடியப்பம் சாப்பிட்டிருக்கிறார். வழியில் அங்கே இங்கே நிற்பாட்டி, கடற்கரைக் கடையொன்றில் ஓடர் கொடுக்கும்போது ஒன்றே முக்கால். சாப்பாடு வர இன்னும் ஒரு மணித்தியாலம். அதற்கிடையில் மாமிக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பெற்ற மகனையே “நீ ஆர்?” என்று கேட்டிருக்கிறார். தம்பி மனைவி சோடா கொடுக்கப் போக, “சீனி வருத்தக்காரிக்குச் சோடாவா?” என்று கணவர் தடுத்துவிட்டார். கடைசியில் பிள்ளைகளின் சொக்கலேட்டும் பிறகு வந்த சோறும் காப்பாற்றின.

இரண்டாவது பொலன்னறுவை. கடை வேண்டாம் என்று, விடிய மூன்று மணிக்கு எழும்பி இவரே சமைத்து, ஐந்து மணிக்குப் பார்சல் கட்டி, மத்தியானம் இரண்டு மணிக்கு மர நிழலில் இருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். ஐந்து மணியளவில் வெலிக்கந்தைப் பக்கம் வரும்போது நான்கு பேருக்கு வாந்தி, சின்னப் பிள்ளை உட்பட. வீட்டுச் சாப்பாட்டில் பிழை வராது, வழியில் வாங்கிய தயிர்தான் காரணம் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. மூன்றாவது பாசிக்குடா. அங்கே வருத்தம் ஒன்றும் இல்லை. பில்லில் தண்ணீர்ப் போத்தலுக்கு அச்சிட்ட விலையைவிடக் கூடப் போட்டதால் சண்டை.

அடுத்த வெள்ளி உகந்தை முருகன் கோயிலுக்குப் போக இருக்கிறார்கள். பூசை முடியும்வரை பச்சைத்தண்ணீரும் வாயில் வைக்கமாட்டேன் என்று மாமி பிடிவாதம். “கட்டிக்கொண்டு போவதா, கடையில் சாப்பிடுவதா, பெரிய ஹோட்டலுக்குப் போவதா? பேசாமல் மாமியை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமா டொக்டர்?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

சகோதரி, கடிதம் முழுக்க எங்கே சாப்பிடுவது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு நடந்த இரண்டு பெரிய கஷ்டமும் நேரம் பிந்தியதால் வந்தவை. அறுகம்பேயில் ஆள் சாப்பிடப் பிந்தியது. பொலன்னறுவையில் சமைத்த சோறு வயிற்றுக்குப் போகப் பிந்தியது. நேரத்தை முதலில் பிடித்துக்கொண்டால், எந்த ஊரில் எந்தக் கடை என்பது அநேகமாகத் தானாகவே முடிவாகிவிடும்.

மத்தியானம் ஊசி இல்லையே என்ற எண்ணம்

மாமி மத்தியானம் ஊசி போடுவதில்லை, அதனால் மத்தியானச் சாப்பாடு பிந்தினாலும் பரவாயில்லை என்று நினைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வரும் பல குடும்பங்கள் இதையே சொல்வார்கள். 30/70 என்றால், அந்த ஊசியில் 30 பங்கு விரைவாக வேலை செய்யும் இன்சுலின், 70 பங்கு மெதுவாக வேலை செய்வது. காலைச் சாப்பாட்டை முதல் பங்கு பார்த்துக்கொள்ளும். இரண்டாவது பங்கு, போட்டு நாலைந்து மணித்தியாலம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். ஆறரைக்குப் போட்டால் பதினொன்று, பன்னிரண்டு தொடக்கம் பின்னேரம் வரை அது சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். காலையில் இரண்டு இடியப்பம் மட்டும் சாப்பிட்ட ஆள் ஒன்றே முக்காலுக்கும் வெறும் வயிற்றோடு இருந்தால், நீங்கள் பார்த்ததுதான் நடக்கும். மாமி மகனை அடையாளம் தெரியாமல் கேட்டது வயதின் மறதி என்று எண்ண வேண்டாம். மூளைக்குப் போதுமான சீனி கிடைக்கவில்லை.

அந்த இடத்தில் தம்பி மனைவி சொன்னதுதான் சரி. இரத்தச் சீனி 70க்குக் கீழே போனாலோ, சீனி பார்க்கும் மானி கையில் இல்லாத நேரத்தில் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தாலோ, உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் சாதாரணச் சோடா அரைக் கோப்பைக்குச் சற்றுக் கூட. சீனி இல்லாத டயட் சோடா உதவாது. சொக்கலேட்டில் கொழுப்பு இருப்பதால் சீனி மெதுவாகத்தான் ஏறும்; வேறொன்றும் இல்லாதபோது பரவாயில்லை. 15 நிமிடத்தில் தெளிவு வராவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்த பிறகு பணிஸ், பிஸ்கட், வாழைப்பழம் என்று ஏதாவது சாப்பிட வேண்டும், சோறு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மயங்கிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் காசு இல்லை. இதை வான் சாரதிக்கும் சொல்லி வையுங்கள்.

இதற்குப் பிறகு பயணம் போகும் நாட்களில் காலை ஊசியையே நிற்பாட்டி விடுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் பிழை. சீனி 300, 400 என்று ஏறி, வெயிலில் உடம்பு நீரிழந்து, வேறு விதமாக விழுவார். ஊசியும் வேண்டும், நேரத்துக்குச் சாப்பாடும் வேண்டும். பத்து மணிக்கு ஒரு சின்னச் சாப்பாடு, பன்னிரண்டரைக்குள் மத்தியானச் சாப்பாடு. அளவைக் குறைக்க வேண்டுமா என்பதை கிளினிக்கில் கேளுங்கள், வீட்டில் முடிவெடுக்காதீர்கள். இன்சுலின் போத்தலை நிறுத்திய வானுக்குள் விட்டுவிட்டு இறங்கக் கூடாது, ஐஸ் கட்டியோடு ஒட்டியும் வைக்கக் கூடாது. ஈரத்துணி சுற்றிய சின்னப் பைக்குள் வைத்துக் கையோடு கொண்டு திரியுங்கள்.

இன்னொன்று. கழிப்பறைக்குப் பயந்து மாமியும் நீங்களும் பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. பயணம் போய் வந்து மூன்றாம் நாள் சிறுநீர்த் தொற்றோடு வரும் பெண்கள் அத்தனை பேர். ஆகவே கடையைத் தெரிவுசெய்யும்போது ருசியைப் பற்றி விசாரிக்கும் முன்னம் கழிப்பறை இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். கறி கொஞ்சம் உறைப்பாக இருந்தாலும் கழிப்பறை துப்புரவாக உள்ள கடைதான் உங்களுக்கு நல்ல கடை.

தயிரில் பழி போட முன்

நீங்களே எழுதிய விவரத்தை இன்னொரு முறை பாருங்கள். உங்கள் கணவர் தயிரைத் தொடுவதில்லை, அவருக்கும் வாந்தி. கணவரின் தம்பி பார்சல் வேண்டாம் என்று பொலன்னறுவையை அடுத்த கதுருவலையில் கடைச் சோறு சாப்பிட்டார், தயிரையும் ஒரு பிடி பிடித்தார், அவருக்கு ஒன்றும் இல்லை. பழி தயிரில் விழ இடமில்லை. காய்ச்சிய பாலில் உறைய வைத்த புளிப்பான எருமைத் தயிரில் கிருமி சுலபமாகப் பெருகாது. ஈயோ தூசியோ விழாமல் மூடிக் கட்டிய சட்டியாக இருந்தால் எங்கள் பக்கத்துத் தயிருக்கு நான் அவ்வளவு பயப்படுவதில்லை.

சந்தேகம் சோற்றின் மேல்தான். அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் சோறு அவியும்போதும் சாவதில்லை. சூடாகக் கட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒன்பது மணித்தியாலம் வானுக்குள் வைத்தால், அந்த இளஞ்சூட்டில் அவை முளைத்து நஞ்சை விடும். மணமும் மாறாது, ருசியும் மாறாது. திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சாப்பிட்டு மூன்று மணித்தியாலத்தில் வாந்தி வந்ததும் இதற்குப் பொருந்துகிறது. பரிசோதிக்காமல் உறுதியாகச் சொல்ல ஏலாது. ஆனால் ஐந்து மணிக்குக் கட்டிய சோற்றை இரண்டு மணிக்குச் சாப்பிடுவதை நான் எந்த வீட்டுக்கும் சொல்லமாட்டேன். சமைத்த சாப்பாடு சாதாரண வெப்பத்தில் இரண்டு மணித்தியாலம் தாங்கும் என்பது கணக்கு. 32 பாகைக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணித்தியாலம்தான். ஓகஸ்ட் மாதத்து மட்டக்களப்பில் அந்த இரண்டாவது கணக்கையே எடுங்கள்.

கட்டுச்சோறு கொண்டுபோன எங்கள் பாட்டிமார் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். அவர்கள் கட்டியது புளிச்சோறு. தேங்காய்ப்பால் கிடையாது, மீன் கிடையாது. நீங்கள் கட்டியது சோறு, பால்கறி, சூரை மீன் குழம்பு. சூரை மாதிரியான மீன் வெப்பத்தில் கிடந்தால் அதற்கென்றே தனி நஞ்சு உண்டு. முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு கடிக்கும். அதையும் சமையல் போக்காது.

ஆகவே வீட்டிலிருந்து கொண்டுபோகத்தான் வேண்டுமா என்றால், கொண்டுபோங்கள், ஆனால் முழுச் சாப்பாட்டை அல்ல. பாண், ரொட்டி, பிஸ்கட், கச்சான், தோலோடு வாழைப்பழம், வெட்டாத தோடம்பழம், கொதித்தாறிய தண்ணீர். மாமியின் பத்து மணிச் சாப்பாட்டுக்கு இவை போதும், சோறு பிந்தினாலும் கைகொடுக்கும். முக்கியமாக, நீங்கள் மூன்று மணிக்கு எழும்பத் தேவையில்லை. கடிதத்தில் எல்லோருடைய உடம்பையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள், இரவு நித்திரையில்லாமல் பகல் முழுக்கப் பிள்ளையைத் தூக்கித் திரியும் உங்களுடையதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

வாந்தி எடுத்த மகளுக்கு ஜீவனி (உப்புச்சீனிக் கரைசல் தூள்) கொடுத்தது நல்லது. ஆனால் ஒரு பக்கெற்றை ஒரு கிளாஸ் தண்ணீரில் கரைத்தது பிழை. ஒரு லீற்றருக்கு ஒரு பக்கெற். உப்புக் கூடினால் பிள்ளைக்குத் தீமை. வயிற்றோட்டத்தை நிற்பாட்டும் குளிசையைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கவே வேண்டாம். ஆறு மணித்தியாலம் சிறுநீர் போகாவிட்டால், கண் குழி விழுந்தால், மலத்தில் இரத்தம் கண்டால், குடிப்பதெல்லாம் வாந்தியானால், வீடு போய்ச் சேர்வோம் என்று ஓடாமல் வழியிலுள்ள ஆஸ்பத்திரிக்குத் திரும்புங்கள். வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடி, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எல்லா இடத்திலும் ஆதார வைத்தியசாலை இருக்கிறது.

எந்தப் பக்கம் போனால் எங்கே

கடையின் பெயர் கேட்டிருக்கிறீர்கள். பெயர் சொல்லமாட்டேன், இந்த மாதம் நல்ல கடை அடுத்த மாதம் கைமாறியிருக்கும். பன்னிரண்டு மணிக்கு உள்ளூர்ச் சனம், பஸ்காரர், கந்தோர்க்காரர் வரிசையாக நிற்கும் கடையைப் பாருங்கள். அங்கே சட்டி காலியாகிக் காலியாகி நிரம்பும், சோறு ஆவி பறக்கும். அதே கடைக்கு இரண்டரைக்குப் போனால் கிடைப்பது அடிச்சட்டி.

அறுகம்பேக்கு மட்டக்களப்பிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீற்றருக்கு மேல். ஏழு மணிக்கு வெளிக்கிட்டால் பத்து மணிக்குள் அங்கே நிற்கலாம். சீசன் காலத்தில் கடற்கரைக் கடைகள் ஓடருக்குத்தான் சமைக்கும். சுடச்சுட வருவதால் வயிற்றுக்குப் பயம் குறைவு, ஆனால் ஒரு மணித்தியாலம் காத்திருக்க இன்சுலின் போட்டவரால் முடியாது. பதினொன்றேகாலுக்கே போய் ஓடர் கொடுத்துவிட்டுக் கடலைப் பாருங்கள். அல்லது பொத்துவில் பட்டினத்துக்குத் திரும்பி, சமைத்து வைத்திருக்கும் சோற்றுக் கடையில் பன்னிரண்டு மணிக்கே முடித்துவிடுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், செலவும் குறைவு.

பாசிக்குடா பெரிய ஹோட்டல்களின் பஃபே பற்றி லண்டன் குடும்பத்துக்கு இருக்கும் நம்பிக்கை பாதிதான் சரி. கழிப்பறை, கை கழுவும் இடம், நேரத்துக்குச் சாப்பாடு, இந்த மூன்றுக்கும் மாமிக்கு நல்ல இடம். ஆனால் பஃபே திறந்தவுடன் போவதும் மூடும் நேரம் போவதும் ஒன்றல்ல. கீழே நெருப்போ கொதிநீரோ இருக்கிற, ஆவி வருகிற தட்டிலிருந்து எடுங்கள். ஆறிப்போன இறால், கணவாய், மயோனைஸ் போட்ட சலட் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். தங்காமல் சாப்பிட மட்டும் வருபவர்களை எல்லா ஹோட்டலும் எடுப்பதில்லை, முதல்நாளே போன் எடுத்துக் கேளுங்கள். இல்லையென்றால் வாழைச்சேனை, ஓட்டமாவடி பக்கத்திலேயே தாராளமாகக் கடைகள் உண்டு.

பொலன்னறுவைப் பாதையில் புணாணை கழிந்தால் காடு, இடையில் நம்பி நிற்கக் கடை குறைவு. இடிபாடுகளைப் பார்க்க இறங்கினால் நேரம் போவது தெரியாது. பதினொன்றரைக்கு இடைநிறுத்தி, தமிழிலேயே பேசிச் சாப்பிடக்கூடிய கதுருவலைக்கு வந்துவிட்டு, வெயில் தாழ மிச்சத்தைப் பாருங்கள். கணவரின் தம்பி செய்தது அதைத்தான்.

எங்கள் கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும் என்பது உங்களுக்குத் தெரியும், லண்டனில் இருந்து வந்தவர்களுக்கு மறந்திருக்கும். காத்தான்குடி, ஓட்டமாவடி, சம்மாந்துறை, நிந்தவூர், பொத்துவில் போன்ற இடங்களில் வெள்ளி மத்தியானம் ஜும்ஆ தொழுகை முடியும்வரை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் சோற்றுக் கடை தேடுவதே வீண். மாமி மாட்டிறைச்சி சமைக்கும் கடையில் சாப்பிடமாட்டார் என்றால், அவரை இழுத்துக்கொண்டு போய் வாசலில் வைத்து விவாதிப்பதைவிட, காரைதீவு, ஆலையடிவேம்பு, தம்பிலுவில், திருக்கோவில் பக்கம் சைவச் சாப்பாடு எங்கே என்று முதலே விசாரித்துக்கொண்டு போங்கள்.

பில் சண்டை

நான் சட்டத்தரணி இல்லை, ஆனால் இதற்குச் சட்டத்தரணி தேவையுமில்லை. போத்தலில் அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் விற்பது குற்றம். நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். கேட்டால் பற்றுச்சீட்டு தந்தாக வேண்டும். அதில்லாமல் முறைப்பாடு நிற்காது. பத்து வீதச் சேவைக் கட்டணம் வேறு கதை. பல ஹோட்டல்களில் அது வழக்கம், மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், ஓடருக்கு முன் கேட்டுக்கொள்வதுதான் வழி. காசுப் பெட்டிக்காரரோடு அரை மணித்தியாலம் கத்தியதில் உங்கள் கணவருக்குப் பிரஷர்தான் ஏறியிருக்கும்.

சாப்பாடு பழுது என்றால் அந்தக் கடை இருக்கும் பிரதேசத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சொல்லுங்கள், உங்கள் ஊர்ப் பணிமனைக்கு அல்ல. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்குள் போய் மாதிரி எடுக்கலாம். மிச்சச் சாப்பாட்டைக் கட்டி பிரிட்ஜில் வையுங்கள். ஆனால் முகநூலில் கடையின் பெயரைப் போட முன், தயிர்க்காரருக்கு நீங்கள் எழுதிய தீர்ப்பை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

உகந்தைக்கு

பாணமை கழிந்தால் கடை கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். வெள்ளி மத்தியானம் திரும்பி வந்து பொத்துவிலில் சாப்பிடுவோம் என்றால் ஜும்ஆ நேரத்தில் மாட்டுப்படுவீர்கள். சனிக்கிழமையும் முருகன் அங்கேதான் இருப்பார், ஆனால் மாமிக்கு வெள்ளிதான் வேண்டும் என்றால் சரி, நேரத்தை மாற்றுங்கள். காலைப் பூசை எத்தனை மணிக்கு என்று கோயிலில் கேட்டு, அதற்குப் போய்ச் சேரும்படி விடிய முன்னம் வெளிக்கிடுங்கள். அன்றைக்கு அன்னதானம் உண்டா, எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி மாமியைக் கூட்டிப் போகாதீர்கள்.

விரதத்தைப் பற்றி மாமியோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஊசி போட்டால் சாப்பிட வேண்டும் என்ற ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பூசை முடியும்வரை பால், பழம் எடுக்கச் சம்மதித்தால்கூட, வழமையான ஊசி அளவு அதற்குக் கூடிவிடும். ஒன்றுமே எடுக்கமாட்டார் என்றால் அந்தக் காலை ஊசியை எப்போது, எவ்வளவு போடுவது என்பதை அவரைப் பார்க்கும் வைத்தியர்தான் சொல்ல வேண்டும். வெள்ளிக்கு முன் கிளினிக் நாள் வருகிறதா பாருங்கள். வராவிட்டாலும் போய்க் கேளுங்கள். போகும்போது மூன்று நான்கு நாட்கள் காலையும் மத்தியானமும் பார்த்த சீனி அளவை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். டொக்டர் சொன்னால் மாமி கேட்பார், மருமகள் சொன்னால் கேட்கமாட்டார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் அதுதான் வழி.

மாமியை விட்டுவிட்டுப் போகலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம், கூட்டிப் போங்கள். கிளினிக்கில் “இந்த முறை வேண்டாம்” என்றாலோ, அன்று காலை அவருக்குக் காய்ச்சல், வாந்தி, காலில் புண் என்று ஏதும் இருந்தாலோ மட்டும் பயணத்தையே தள்ளிப் போடுங்கள். தனியாக வீட்டில் விட்டுப் போனால் மத்தியானம் அவர் என்ன சாப்பிடுவார், எத்தனை மணிக்குச் சாப்பிடுவார் என்று பார்க்க அங்கேயும் ஆள் இல்லை.